பிரஷர் மாத்திரை போடும் அப்பா கேழ்வரகுக் கூழ் குடிக்கலாமா?

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பாவுக்கு 61 வயது. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். பிரஷருக்கு ஆம்லோடிபின், மெட்டோபுரோலால் என்று இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆம்லோடிபின் கால்சியத்தைத் தடுக்கிற மாத்திரை என்று யாரோ சொன்னதிலிருந்து பாலையும் கேழ்வரகுக் கூழையும் நிறுத்திவிட்டார். கால்சியத்தைத் தடுத்தால் கை காலில் வலு போய்விடாதா? இரண்டு மாத்திரையும் ஒரே வேலையைத்தான் செய்கிறதென்றால் ஒன்றை விட்டுவிடலாமா?"

கூழை நாளைக்கே திரும்பக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு, கல் என்று டாக்டர் ஏற்கெனவே பத்தியம் சொல்லியிருந்தால் மட்டும் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை எதையும் விட வேண்டாம்.

ஆம்லோடிபின் உணவிலிருக்கும் கால்சியத்தைத் தொடுவதே இல்லை. ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை என்ற குறுகிய எல்லைக்குள் இருக்கும்படி, கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் பார்த்துக்கொள்கிறது. சாப்பாட்டில் கால்சியத்தைக் குறைத்தால் அது எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். அப்பா கூழை நிறுத்தியதில் பிரஷர் குறையப்போவதில்லை, எலும்புக்குத்தான் நஷ்டம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மூட்டை தூக்குகிற மனிதர் அதை விடக்கூடாது.

மாத்திரை வேலை செய்யும் இடம் தசைச் செல்லின் சுவர். செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம், ஓய்வில் இருக்கும் செல்லுக்கு உள்ளே இருப்பதைப்போல ஏறக்குறைய 10,000 மடங்கு. நிறைந்த கண்மாய்க்கும் காய்ந்த வயலுக்கும் நடுவே மடை இருப்பதுபோல, சுவரில் கால்சியம் வழிகள் இருக்கின்றன. மடை திறந்தால் கால்சியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். எவ்வளவு பாய்கிறது என்பது மடை எத்தனை முறை, எவ்வளவு நேரம் திறக்கிறது என்பதைப் பொறுத்தது.

அதைக் கூட்டிக் குறைப்பதில் பாஸ்பேட் என்ற சிறு வேதித் தொகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறின் கடைசி பாஸ்பேட்டைப் பிய்த்து ஒரு புரதத்தில் ஒட்டுகிற நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். பாஸ்பேட் எதிர்மின் சுமையோடு வந்து உட்காருவதால் புரதத்தின் வடிவமோ பிடிமானமோ மாறுகிறது. பாஸ்பட்டேஸ் என்ற வேறு நொதிகள் அதைக் கழற்றிவிடும். இப்படி ஒட்டிக் கழற்றும் முறையைக் கண்டறிந்ததற்காக எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்பா பாலமேட்டில் வாடிவாசல் பக்கம் நிற்கிறார் என்று வையுங்கள். காளை வெளியே வந்ததும் அட்ரினலின் பாய்கிறது. இதயத் தசையில் அட்ரினலினைப் பிடித்துக்கொள்ளும் புரதமான பீட்டா ஏற்பியில் அது போய் உட்கார, உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு கூடுகிறது, பிகேஏ என்ற கைனேஸ் விழிக்கிறது. அது பாஸ்பேட்டை எங்கே ஒட்டுகிறது? கால்சியம் வழியிலேயே ஒட்டும் என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் நெடுநாள் நம்பினார்கள். அதில் 1928ஆம் இடத்திலிருக்கும் செரின் என்ற அமினோ அமிலத்தைக் குறிவைத்து, பாஸ்பேட் ஒட்ட முடியாதபடி மாற்றிய எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகளின் இதயம் அட்ரினலினுக்கு வழக்கம்போலவே துள்ளியது! 2020இல்தான் விடை தெளிவானது. ராட் என்ற சிறு புரதம் கால்சியம் வழியின் துணைப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு வழியை அடக்கி வைத்திருக்கிறது. பிகேஏ பாஸ்பேட்டை ஒட்டுவது ராடின்மேல். ஒட்டியதும் அதன் பிடி விடுகிறது, வழி அடிக்கடி திறக்கிறது. விரட்டி விடுவதற்குப் பதில் பிடித்திருப்பதை விடச் சொல்கிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

பிகேஏ அத்தோடு நிற்பதில்லை. பாஸ்போலாம்பன் என்ற இன்னொரு புரதத்திலும் ஒட்டுகிறது. கால்சியத்தைச் செல்லுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பறைக்குத் திரும்ப இறைக்கும் பம்பை அடக்கி வைப்பது அதுதான். அந்தப் பிடியும் தளர்வதால் இதயம் பலமாகச் சுருங்குவதோடு சட்டென்று தளரவும் முடிகிறது. வேகமாகத் துடிக்கும்போது, தளர்ந்து ரத்தம் நிரம்ப நேரம் வேண்டுமே.

இப்போது மாத்திரைக்கு வருவோம். மெட்டோபுரோலால் பீட்டா ஏற்பியை மறித்துக்கொள்வதால் பாஸ்பேட் ஒட்டும் வேலை ஆரம்பத்திலேயே குறைகிறது. துடிப்பும் இதயத்தின் சுமையும் குறைகின்றன. ஆம்லோடிபின் நேராகக் கால்சியம் வழியிலேயே உட்காருகிறது, அதுவும் பெரும்பாலும் ரத்தக்குழாய்ச் சுவரின் தசையில். அங்கே கால்சியம் குறைந்தால் குழாய் விரிகிறது, பிரஷர் இறங்குகிறது. இடமும் வேறு, விதமும் வேறு. ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை.

சரி, கை கால் வலு? எலும்போடு ஒட்டிய தசையில் கதையே வேறு. அங்கே சுவரிலிருக்கும் கால்சியம் வழி, மின் உணர்வு கிடைத்ததும் வடிவம் மாறி, உள்ளே சேமிப்பறையின் கதவான ரயனோடின் ஏற்பியைத் தொட்டு இழுத்துத் திறக்கிறது. சுருங்குவதற்கு வெளியிலிருந்து கால்சியம் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதனால் ஆம்லோடிபினால் மூட்டை தூக்கும் வலு போய்விடும் என்று பயப்பட வேண்டாம். மெட்டோபுரோலாலில் சிலருக்கு அசதியும், வேகமாக ஏறும்போது களைப்பும் வரும். துடிப்பு கூட வேண்டிய அளவுக்குக் கூடாததும் அதற்கு ஒரு காரணம். தொந்தரவாக இருந்தால் டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார்.

குறிப்பாக மெட்டோபுரோலாலைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. நாளடைவில் செல்கள் பீட்டா ஏற்பிகளைப் பெருக்கி வைத்திருக்கும். மாத்திரை நின்றதும் அட்ரினலின் அத்தனையிலும் பாய்ந்து படபடப்பு, நெஞ்சுவலி வரை கொண்டுபோகலாம். அப்பாவுக்கு ஆஸ்துமா உண்டென்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். மூச்சுக்குழாய்த் தசையில் அதே பிகேஏ செய்வது தளர்த்தும் வேலை, அதை மறித்தால் இளைப்பு கூடலாம். சர்க்கரைக்கும் மருந்து எடுக்கிறாரென்றால் இன்னொன்று: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மறையாது, அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆம்லோடிபினால் சாயங்காலம் கணுக்கால் வீங்கினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வீக்கத்தோடு மூச்சு வாங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.