பத்து சதவீதமா, எழுபது சதவீதமா?

கேள்வி: முதல் நாவலை முடித்துவிட்டேன். ஒரு பதிப்பகம் 10 சதவீத ராயல்டிக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கிண்டிலில் நானே போட்டால் 70 சதவீதம் கிடைக்குமே என்கிறார்கள் நண்பர்கள். எதற்குப் போவது?

பதில்: இந்த இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்தவே முடியாது. நண்பர்கள் சொல்லும் 70 மின்னூலுக்கு மட்டும்தான். அதுவும் அமேசான் வகுத்திருக்கும் விலை வரம்புக்குள் இருந்தால்தான். வெளியே போனால் 35. சில நாடுகளில் நடக்கும் விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் அமேசானின் ‘கேடிபி செலக்ட்’ என்ற திட்டத்தில் சேர வேண்டும். அதாவது 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறு எங்கும் விற்கக் கூடாது. அச்சுப் புத்தகம் என்றால் உங்கள் பங்கிலிருந்து அச்சுக்கூலியும் போகும். எடிட்டர், மெய்ப்பு, அட்டை எல்லாம் உங்கள் கைக்காசு. அந்தச் செலவை ஒரு பிரதியில் கிடைக்கும் வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். அத்தனை பேர் வாங்கிய பிறகுதான் முதல் காசு லாபம். அத்தனை பேரிடம் போய்ச் சேர உங்களுக்கு வழி இருக்கிறதா? ஏற்கெனவே வாசகர் கூட்டம் உள்ளவர்களுக்கும், துப்பறியும் தொடர், காதல் தொடர் என்று வேகமாக எழுதித் தள்ளுபவர்களுக்கும் சுயபதிப்பு நன்றாகவே ஓடும். முதல் நாவல்காரருக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்.

சரி, அந்தப் பத்து? எதில் பத்து என்று பாருங்கள். அட்டை விலையிலா, பதிப்பகத்தின் நிகர வரவிலா? புத்தகத்தின் விலை 100, கடைக்காரர் கழிவு 50 என்று வைத்துக்கொள்வோம். அட்டை விலையில் என்றால் உங்களுக்கு 10. நிகர வரவில் என்றால் 5. ஒரு சொல்லில் வருமானம் பாதியாகிவிடும். கடைகள் விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பும் என்பதால், ராயல்டியில் ஒரு பகுதியைப் பதிப்பகம் பிடித்து வைப்பதும் உண்டு. எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது ராயல்டியைப் பற்றி அல்ல, உரிமை எப்போது திரும்பி வரும் என்பதைப் பற்றி. ‘நூல் அச்சில் இல்லாதபோது உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்’ என்று ஒப்பந்தத்தில் இருக்கும். படிக்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஆர்டர் வந்தால் ஒரே ஒரு பிரதிகூட அச்சடிக்கலாம் என்று ஆன பிறகு எந்தப் புத்தகம் ‘அச்சில் இல்லாமல்’ போகும்? வருஷத்துக்கு நாலு பிரதி விற்றாலும் உரிமை அவர்களிடமே கிடக்கும். அதனால் ‘தொடர்ந்து இரண்டு அரையாண்டுகளில் விற்பனை இத்தனை பிரதிக்குக் கீழே போனால்’ என்று எண்ணைப் போட்டு எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிநூல் உரிமைகளைச் சும்மா சேர்த்துக் கொடுக்காதீர்கள். அவர்கள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் உங்களிடமே இருக்கட்டும்.

பதிப்பகம் உங்களிடம் பணம் கேட்கிறதா? ‘பங்களிப்பு’, ‘இத்தனை பிரதியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, அது அச்சிட்டுத் தரும் சேவை. அதற்குச் சுயபதிப்பே மேல். உரிமையாவது முழுசாக உங்களிடம் இருக்கும்.

பணம் எதுவும் கேட்காமல், மேலே சொன்ன திருத்தங்களுக்கும் ஒப்புக்கொண்டால் பதிப்பகத்துக்கே கொடுங்கள் என்பேன். நல்ல எடிட்டரின் கை பட்ட முதல் நாவலுக்கும் படாததற்கும் உள்ள வித்தியாசம் பத்தே பக்கத்தில் தெரிந்துவிடும். நூலகம், மதிப்புரை, விருது என்று போகவும் அந்த வழிதான் இன்னும் சுலபம். புக்கர் பரிசு விதிகள் சுயபதிப்பு நூல்களை ஏற்பதில்லை. முடிந்தால் மின்னூல் உரிமையை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள். பல பதிப்பகங்கள் மறுக்கும், ஆனாலும் கேட்கலாம்.

அப்புறம், பேச்சு முடியும்வரை ‘சும்மா ஏற்றிப் பார்ப்போம்’ என்று நாவலைக் கிண்டிலில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான பதிப்பகங்கள் கேட்பது முதல் வெளியீட்டு உரிமை. ஒருமுறை வெளியாகிவிட்டால் அதை உங்களால் கொடுக்க முடியாது.