கேளுங்கோ, சொல்லுறன்: பதின்மூன்று அணிகளும் ஒரு நாரிப்பிடிப்பும்

கேள்வி: என் மகன் பத்தாம் ஆண்டு. பள்ளிக்கூடக் கூடைப்பந்து அணியில் பொயின்ற் கார்ட், பந்தைத் தட்டிக்கொண்டு போய் மற்றவைக்குப் பிரித்துக் கொடுக்கிற ஆள். இஷ் ஸ்மித் என்ற அமெரிக்கர் 13 அணிகளுக்கு ஆடினவராம், அவரைத்தான் தெய்வமாகக் கும்பிடுகிறான். "ஓரிடத்திலும் நிலைக்காதவனைக் கொண்டாடுறியோ?" என்று, கச்சேரியில் வேலை செய்யும் என் கணவர் ஏசுகிறார். யார் சொல்வது சரி?
ஒரு தாய், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, முதலில் உங்கட அவரிட்டைக் கேளுங்கோ, இதுவரை எத்தனை இடமாற்றம் என்று. மன்னார், முல்லைத்தீவு என்று நாலைந்தாவது இருக்கும். அவருக்கு வேலை தெரியாதபடியாலோ அனுப்பினவை? ஸ்மித் ஆடின என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரிலும் அதே கதைதான். ஆனால் அங்கே பெரும்பாலான ஆட்டக்காரருக்கு மேன்முறையீடு கிடையாது. இரண்டு அணிகள் பேசி முடித்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

2010இல் அணிகள் வரிசையாக நின்று புது ஆட்டக்காரர் 60 பேரைத் தெரிவு செய்தபோது அந்த அறுபதில் ஸ்மித் இல்லை. ஹூஸ்டன் அணியில் ஒருமாதிரி நுழைந்தார். பிறகு மெம்பிஸ், மில்வோக்கி, பீனிக்ஸ் என்று ஊர் ஊராகப் போனார். ஆகக்கூடத் தொடர்ந்து இருந்தது டிட்ரொயிட்டில், மூன்று பருவம். 13 அணி என்பது என்.பி.ஏ. சாதனை. அவருக்கு முன்னம் சிலர் 12 வரை வந்து நின்றிருந்தார்கள்.

உங்கட அவருக்குச் சொல்ல வேண்டியது பிலடெல்பியாக் கதை. 2015 கோடையில் ஸ்மித்தை வைத்திருக்காமல் விட்ட அணி அது. நத்தாருக்கு முதல்நாள், 31 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றை வென்ற நிலையில், வருங்காலத்தில் புது ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் உரிமை இரண்டைக் கொடுத்து நியூ ஓர்லியன்ஸிடமிருந்து அதே ஆளைத் திருப்பி எடுத்தார்கள். பெரிய அதிசயம் நடக்கவில்லை, பருவ முடிவில் மொத்தம் 10 வெற்றிதான். ஆனாலும் விட்ட ஆளையே விலை கொடுத்துக் கேட்டார்கள் அல்லவா?

நானும் பொயின்ற் கார்ட்டாக ஆடினவன். வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போய் ஒரு கழகத்தில் சேர்ந்த முதல் பின்னேரம், கூடைக்குக் கீழே நின்ற நெடுவலுக்குப் பந்தை நிலத்தில் குத்திக் கொடுத்தேன். அவர் முழங்காலில் பட்டு வெளியே போனது. மூன்று தரம். பிறகுதான் தெரியும், ஆளுக்கு நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது. பந்து நெற்றிக்கு மேலே போக வேண்டும். மூலையில் நின்றவருக்கோ நெஞ்சுக்கு நேரே வந்தால்தான் எறிவார். ஒரு சாண் தாழ்ந்தால் அதைத் தூக்கி எடுப்பதற்குள் எதிராளி முன்னால் வந்துவிடுவான். நாலு பேரின் கையையும் முதுகையும் படிக்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. ஸ்மித் அதை 13 இடத்தில் படித்தவர், சில தரம் பருவத்தின் நடுவிலேயே போய் இறங்கி. அங்கே ஒரு எறிவுக்கு 24 செக்கன்தான் தருவார்கள்.

ஸ்மித்தின் பதின்மூன்றாவது அணி டென்வர். 2023இல் மயாமியை 4-1 என்று வென்று கிண்ணம் எடுத்த அணி. அந்தப் பருவத்தில் அவர் கூடுதலாக வாங்கில்தான் இருந்தார். அதை மகனுக்கு மறைக்காமல் சொல்லுங்கோ.

கேள்வி: மாஸ்டர், என் உயரம் 5 அடி 4 அங்குலம். பொயின்ற் கார்ட் ஆகலாமோ?
ஒரு மாணவன், நல்லூர்

பதில்: தம்பி, மக்ஸி போக்ஸ் 5 அடி 3 அங்குலம். என்.பி.ஏ. வரலாற்றிலேயே ஆகக் கட்டையானவர், 14 பருவம் ஆடினார். மேலே சொன்ன ஸ்மித் படித்த வேக் பொரஸ்ட் பல்கலைக்கழகத்தில்தான் அவரும் படித்தார். நீர் அவரைவிட ஒரு அங்குலம் கூட.

ஆனால் இடக்கை எப்படி? எங்கட மாஸ்டர் என் வலக்கையைத் தன்ர சால்வையால் இடுப்போடு கட்டிவிட்டு, சீமெந்துத் தரையில் இந்தக் கூடையிலிருந்து அந்தக் கூடைவரை பந்தைத் தட்டிக்கொண்டு போய் வரச் சொல்லுவார். பந்தைக் குனிந்து பார்த்தால் முதலிலிருந்து. ஒரு கிழமை, பின்னேரம் அரை மணித்தியாலம். செய்துபோட்டு எழுதும்.