மேல் அம்புக்குறி அழுத்தினால் பழைய கமாண்ட் வரவில்லையா? பெங்களூர் நண்பர்களுக்குப் பதில்கள்

மாரத்தஹள்ளியிலிருந்து: அண்ணா, ஆபீஸ் லினக்ஸ் சர்வரில், ஆரக்கிள் டேட்டாபேஸுக்கு க்வெரி அடிக்கும் எஸ்க்யூஎல்பிளஸைத் திறந்து மேல் அம்பை அழுத்தினால் ^[[ என்று ஏதோ விழுகிறது, பின்னால் ஒரு ஏ. பாஷ் ஷெல்லில் நன்றாகத்தானே வருகிறது? கீபோர்டு கோளாறா?

கீபோர்டில் ஒரு குறையும் இல்லைம்மா. மேல் அம்பை அழுத்தினால் டெர்மினல் மூன்று எழுத்துகளை அனுப்பும்: எஸ்கேப், ஒரு சதுர அடைப்பு, ஏ. கீழ் அம்புக்குக் கடைசி எழுத்து பி, வலதுக்கு சி, இடதுக்கு டி. இதைப் பார்த்ததும் பழைய வரியை எடுத்து நீட்டுவது உள்ளே ஓடும் புரோகிராமின் வேலை. பாஷுக்குள், வரியைத் திருத்தவும் பழைய வரியை எடுக்கவும் உதவும் ஜிஎன்யூ ரீட்லைன் லைப்ரரி இருப்பதால் அது செய்கிறது. எஸ்க்யூஎல்பிளஸில் அது கிடையாது. நீங்கள் என்டர் தட்டும்வரை வரியை வைத்திருப்பது லினக்ஸின் மையமான கர்னல்தான். கர்னலுக்கு ஓர் எழுத்தை, ஒரு சொல்லை, முழு வரியை அழிக்கத் தெரியும். ஹிஸ்டரி தெரியாது. கேட் (cat) என்ற கமாண்டை மட்டும் அடித்து என்டர் தட்டி, மேல் அம்பை அழுத்திப் பாருங்கள். அங்கேயும் அதே கிறுக்கல்தான்.

இதற்கு ஆர்எல்ராப் (rlwrap) போடுங்கள். ரீட்லைன் இல்லாத புரோகிராமுக்கு வெளியிலிருந்து அதைச் சேர்த்துக் கொடுக்கும் சின்னக் கருவி. உபுண்டுவில் ஆப்ட், மேக்கில் ப்ரூ, இரண்டிலும் கிடைக்கும். பிறகு கமாண்டுக்கு முன்னால் அதன் பெயரைச் சேர்த்து 'ஆர்எல்ராப் எஸ்க்யூஎல்பிளஸ்' என்று ஓட்டினால் போதும். அம்புகள், கண்ட்ரோல்-ஆர் தேடல் எல்லாம் வந்துவிடும். பாஷ்ஆர்சி ஃபைலில் ஒரு அலியாஸ், அதாவது சுருக்கப் பெயர், எழுதிவிட்டால் தினமும் நினைவு வைக்க வேண்டாம். ஒரு கமா விட்டுப்போனதற்காக என் டீமில் ஒருவர் நள்ளிரவில் பதினோரு வரி க்வெரியை முதலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே இதைப் போட்டுக் கொடுக்கிறேன்.

அல்சூரிலிருந்து: தம்பி, அந்த ஹிஸ்டரியில் பாஸ்வேர்டும் பதிந்துவிடுமா?

நல்ல கேள்வி ஐயா. திரையில் எழுத்து தெரியாமல் கேட்கும் பாஸ்வேர்டு பதியாது. ஆனால் கனெக்ட் கமாண்டிலேயே பெயரோடு சேர்த்து அடித்தால் அது சாதாரண வரி, பதிந்துவிடும். உங்கள் ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கி ஹிஸ்டரி என்று முடியும் ஃபைலில் இருக்கும். புரோகிராமை விட்டு வெளியே வந்த பிறகு அந்த வரியை நீக்குங்கள். உள்ளே இருக்கும்போது நீக்கினால், வெளியேறும்போது மறுபடி எழுதிவிடும். பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து: சோர்ஸிலிருந்து நானே பில்டு செய்த பைத்தான் 3.11-லும் இதே கிறுக்கல்.

பில்டு செய்தபோது ரீட்லைனின் டெவ் பேக்கேஜ் இல்லாமல் இருந்திருக்கும். பைத்தானுக்குள் 'இம்போர்ட் ரீட்லைன்' அடியுங்கள். எரர் வந்தால் அதுதான் காரணம். பேக்கேஜைப் போட்டு மறுபடி பில்டு செய்யுங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: டாக்கர் எக்ஸெக் கமாண்டால் கன்டெய்னருக்குள் போனாலும் இதே கிறுக்கல் வருகிறதே?

ஹைஃபன் ஐ (-i) மட்டும் கொடுத்திருப்பீர்கள். டியையும் சேர்த்து -it என்று கொடுங்கள், அப்போதுதான் உள்ளே டெர்மினல் கிடைக்கும்.

கோரமங்களாவிலிருந்து: அண்ணா, நான் சி-யில் ஒரு சின்ன ஷெல் எழுதுகிறேன். கம்பெனி அதைக் கஸ்டமருக்குக் கொடுக்கப் போகிறது. ரீட்லைன் சேர்க்கலாமா?

நுட்பம் சுலபம். ரீட்லைன் ஃபங்ஷன் ஒரு வரியைத் தரும், ஆட்-ஹிஸ்டரி அதைச் சேமிக்கும், வேலை முடிந்ததும் அந்த மெமரியை ஃப்ரீ செய்துவிட வேண்டும். லைசென்ஸில்தான் கவனம் தேவை தம்பி. ரீட்லைன் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் வருகிறது. அதோடு இணைத்து வெளியே கொடுத்தால் உங்கள் சோர்ஸ் கோடையும் ஜிபிஎல்லுக்கு ஏற்றபடி கொடுக்க வேண்டும் என்பதே அதை வெளியிட்டவர்களின் நிலை. 1992-இல் சிலிஸ்ப் என்ற லிஸ்ப் இன்டர்பிரெட்டர் ஜிபிஎல்லுக்கு மாறியதே இந்த லைப்ரரியால்தான். சோர்ஸ் கோடை வெளியிடாமல் கொடுப்பதென்றால் லிப்எடிட் அல்லது லைன்நாய்ஸ் எடுங்கள், இரண்டும் பிஎஸ்டி லைசென்ஸ், அதில் இந்தக் கட்டாயம் இல்லை. சின்ன ஷெல்லுக்கு என் ஓட்டு லைன்நாய்ஸுக்கு. ஒரே சி ஃபைலையும் அதன் ஹெடரையும் புராஜெக்டில் போட்டால் முடிந்தது.

மறுபடி மாரத்தஹள்ளி: ஆர்எல்ராப் போட்டுவிட்டேன் அண்ணா, வேலை செய்கிறது! செலக்ட் என்று அடித்து மேல் அம்பை அழுத்தினால் செலக்ட் வரிகள் மட்டும் வர வழி உண்டா?

உண்டும்மா. ஹோம் ஃபோல்டரில் இன்புட்ஆர்சி (.inputrc) ஃபைலில் மேல் அம்புக்கு 'ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்ட்', கீழ் அம்புக்கு 'ஹிஸ்டரி-சர்ச்-ஃபார்வர்ட்' என்று இரண்டு வரி எழுதுங்கள். பாஷும் ஆர்எல்ராப்பும் அதே ஃபைலைத்தான் படிக்கின்றன, இரண்டிலும் வந்துவிடும்.