நோவாவின் பேழைக்கு வெளியே நின்றவர்கள்

கேள்வி: நோவா காலத்து வெள்ளக் கதையை வைத்து கிறிஸ்தவர்கள் நியாயத்தீர்ப்பையும் இரட்சிப்பையும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? அன்பான கடவுள் உலகத்தையே மூழ்கடிப்பாரா?

எங்கள் சபையில் பன்னிரண்டு வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். நோவா பாடம் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒட்டகச்சிவிங்கி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டும், யானை தும்பிக்கையை ஆட்டும், மேலே ஏழு நிறத்தில் வானவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் க்ரேயானோடு குனிந்திருந்த நேரத்தில், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து வந்து மெதுவாகக் கேட்டான்: "அக்கா, வெளிய நின்னவங்க கதவத் தட்டியிருப்பாங்கல்ல? நோவா ஏன் தெறக்கல?"

எனக்கு அன்று பதில் தெரியவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்" என்றேன். உங்கள் கேள்வியும் அவன் கேள்வியும் ஒன்றுதான். அவனுக்காக, வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 6 முதல் 9 வரையுள்ள அதிகாரங்களை (உலகத்தை வெள்ளம் மூழ்கடிக்க, நோவா கட்டிய பேழை என்ற பெரிய பெட்டிக்குள் இருந்தவர்கள் மட்டும் தப்பிக்கும் கதை) திரும்பத் திரும்ப வாசித்ததில் எனக்குக் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கதவு. 7ஆம் அதிகாரம் 16ஆம் வசனத்தில் (7:16) ஒரு சின்ன வாக்கியம் இருக்கிறது: "அப்பொழுது கர்த்தர் அவனை உள்ளே விட்டுக் கதவை அடைத்தார்." கதவை அடைத்தது நோவா அல்ல. உள்ளே இருந்தவர்கள் எட்டுப் பேர்: நோவா, அவன் மனைவி, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள். அவர்களில் ஒருவர் கையிலும் தாழ்ப்பாள் இல்லை. பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். சுமார் 450 அடி நீளமுள்ள பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை, தளம், கீல் (தார்) பூச்சு, ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் கட்டளை இருக்கிறது. சுக்கானுக்கும் பாய்மரத்துக்கும் கட்டளை இல்லை. நோவாவால் அதை எந்தப் பக்கமும் திருப்ப முடியாது, நிறுத்த முடியாது, திறக்கவும் முடியாது. மரத்தை அறுத்து, கீல் பூசி, சொன்னபடி கட்டியதோடு அவன் வேலை முடிந்தது. அப்புறம் தண்ணீர் போகும் போக்கில் போனார்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 3ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துப் பிஷப்பாக இருந்த சிப்ரியான், பேழைக்கு வெளியே இருந்தவன் தப்பித்திருந்தால் சபைக்கு வெளியே இருப்பவனும் தப்பிக்கலாம் என்று எழுதினார். சபை பிளவுபட்டுக் கொண்டிருந்த காலத்தில் ஒற்றுமைக்காக எழுதியது அது, அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த உவமையைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் உள்ளே, யார் வெளியே என்று பட்டியல் போடும் பிரசங்கங்களைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த அன்று மாலையே, அவர் எங்கே போயிருப்பார் என்று பேசிக்கொள்வதையும் கேட்டிருக்கிறேன். கதவு அடைக்கப்பட்டது என்று வேதம் சொல்கிறது, அதை நான் மறைக்கவில்லை. அடைத்தவர் யார் என்றும் அதே வசனம்தான் சொல்கிறது.

இனி நியாயத்தீர்ப்பு. பெரும்பாலானோர் மனதில் இருக்கும் காட்சி, கோபத்தில் கண் சிவந்த ஒரு கடவுள். கதையில் அது இல்லை. 6:6 இப்படி இருக்கிறது: "தாம் பூமியிலே மனுஷனை உண்டாக்கினதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார்; அது அவர் இருதயத்திற்கு விசனமாயிருந்தது." அந்த விசனத்துக்கு எபிரெயத்தில் வரும் சொல்லின் வேர்தான், 3ஆம் அதிகாரத்தில் ஏவாளின் பிரசவ வேதனைக்கும் வருகிறது. பெற்ற வயிற்றின் வலி அது. பூமி கொடுமையால் நிறைந்திருந்தது என்பதுதான் சொல்லப்படும் காரணம், அதாவது மனிதன் மனிதனுக்குச் செய்த கொடுமை.

பாபிலோனியர்களிடமும் இப்படி ஒரு வெள்ளக் கதை உண்டு. நினிவேயில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் அதை ஜார்ஜ் ஸ்மித் என்பவர் படித்து 1872 டிசம்பரில் லண்டனில் அறிவித்தபோது பெரிய பரபரப்பு ஆனது. வேதத்துக்கு ஆபத்து என்று சிலர் பயந்தார்கள், வேதத்துக்குச் சாட்சி என்று சிலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அந்த ஒப்பீடு வேறு விதத்தில் உதவியது. பாபிலோனியக் கதையின் பழைய வடிவம் ஒன்றில் மனிதர்கள் போடும் சத்தத்தால் என்லில் தெய்வத்துக்குத் தூக்கம் கெடுகிறது, அதனால் வெள்ளம் வருகிறது. வெள்ளம், பெட்டி, பறவைகள் எல்லாம் பாபிலோனியக் கதைகளிலும் உண்டு. ஆதியாகமத்தில் காரணம் மாறியிருக்கிறது. தூக்கம் கெட்ட தெய்வத்தின் இடத்தில் மனம் உடைந்த கடவுள் இருக்கிறார். நியாயத்தீர்ப்பு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வித்தியாசம் ஞாபகம் வரும். அடிபட்டவன் பக்கம் நின்று, போதும் என்று ஒருவர் சொல்வதுதான் தீர்ப்பு. அது வேண்டவே வேண்டாம் என்று அடிபட்டவன் சொல்ல மாட்டான்.

இயேசு இந்தக் கதையை எடுத்துப் பேசும் இடமும் (மத்தேயு 24) கவனிக்க வேண்டியது. ஜனங்கள் "புசித்தும் குடித்தும், பெண்கொண்டும் பெண்கொடுத்தும்" இருந்தார்கள் என்கிறார். இதில் எது பாவம்? சாப்பிட்டார்கள், கல்யாணம் செய்தார்கள். கொடுமை நிறைந்த ஊரில், எதுவும் நடக்காதது போல வாழ்ந்தார்கள். அந்த வசனத்தை வாசிக்கும்போது எனக்கு என் வீட்டுச் சமையலறையில் நிற்பது போலவே இருக்கும்.

நான் அதிக நேரம் நின்ற இடத்துக்கு வருகிறேன். வெள்ளத்துக்கு முன், 6:5இல் கடவுள் ஏன் தீர்ப்பளிக்கிறார்? மனிதனின் "இருதயத்து நினைவுகளின் தோற்றமெல்லாம் நித்தமும் பொல்லாததே" என்று கண்டதால். சரி. ஒரு வருடமும் பத்து நாளும் கழித்து நோவா வெளியே வந்து பலி செலுத்துகிறான். 8:21இல் கடவுள் தம் உள்ளத்தில் சொல்கிறார்: "இனி நான் மனுஷன் நிமித்தம் பூமியைச் சபிப்பதில்லை, மனுஷனுடைய இருதயத்தின் நினைவுகள் அவன் சிறுவயது தொடங்கிப் பொல்லாததாயிருக்கிறது."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழிப்பதற்குச் சொன்ன காரணமே இப்போது இனி அழிக்காமல் இருக்கவும் காரணமாக நிற்கிறது! முதல் முறை இதைக் கண்டபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளம் உலகத்தைக் கழுவியது, மனிதனின் இருதயத்தைக் கழுவவில்லை. நோவாவும் திராட்சைத் தோட்டம் போட்டு, குடித்து, கூடாரத்தில் ஆடை விலகிக் கிடந்தான். தண்டனையால் மனிதனைத் திருத்த முடியாது என்று வேதத்தின் முதல் புத்தகமே சொல்லிவிட்டது. திருந்தாதவனோடுதான் இனி வாழ வேண்டும் என்று தெரிந்தும் கடவுள் உடன்படிக்கை செய்கிறார். கிறிஸ்தவர்கள் கிருபை என்று சொல்வது இதைத்தான். சிலுவைக்குப் போகும் வழி எனக்கு இங்கிருந்து தெரிகிறது. பாவத்தின் பாரத்தை மறுபடி உலகத்தின் தலையில் இறக்காமல் கடவுளே சுமப்பது என்ற முடிவு இந்த வசனத்தில் தொடங்குகிறது என்று நம்புகிறேன்.

அதற்கு அடையாளம் வானவில். "நான் என் வில்லை மேகத்தில் வைத்தேன்." இதற்கு எபிரெயத்தில் வரும் சொல் போர் வில்லுக்கும் வரும் சொல். ஆயுதத்தைக் கடவுள் மேகத்தில் மாட்டி வைத்துவிட்டார் என்று விளக்குபவர்கள் உண்டு. நம் 'வானவில்' என்ற சொல்லிலேயே வில் இருக்கிறது. பிள்ளைகளிடம் "வானத்துல இருக்கற வில்லு யாரைப் பார்த்து வளைஞ்சிருக்கு?" என்று கேட்டால், உடனே கையால் வளைத்துக் காட்டுவார்கள். நாண் பூமிப் பக்கம், வளைவு மேல்பக்கம். அம்பு வைத்தால் எங்கே போகும் என்று அவர்களே சொல்வார்கள்.

ஞானஸ்நானத்தோடு இந்தக் கதையை இணைப்பது இயேசுவின் சீடர் பேதுருவின் முதல் நிருபம் (கடிதம்). எட்டுப்பேர் "ஜலத்தினாலே காக்கப்பட்டார்கள்" என்று எழுதுகிறார். கொன்ற தண்ணீரே தூக்கியும் சுமந்தது. ரோம் நகரத்துச் சுரங்கக் கல்லறைகளில் 3, 4ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் வரைந்த நோவாவைப் படங்களில் பார்த்திருக்கிறேன். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் அங்கே இல்லை. ஒரு ஆள் மட்டுமே நிற்கக்கூடிய சின்னப் பெட்டி, அதற்குள் நின்று இரு கைகளையும் விரித்து ஜெபிக்கும் மனிதன், அவனை நோக்கி வரும் புறா. இறந்தவர்களை அடக்கம் செய்த இடத்தில் அதை வரைந்தார்கள். சாவுக்குள் இறங்கி, அதன் மறுபக்கம் வெளியே வருவது என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி இன்னும் பாக்கி. வெளியே நின்றவர்கள்? குழந்தைகள்? எனக்கு முழு நிம்மதி தரும் பதில் கிடைத்துவிட்டது என்று சொன்னால் பொய். அழிய இருந்த சோதோம் ஊரில் பத்து நீதிமான்கள் இருந்தாலும் அதை விட்டுவிடும்படி ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசினான், நோவா ஒரு வார்த்தை கேட்டதாக எழுதப்படவில்லை. அந்த மௌனம் எனக்கு உறுத்தும்.

ஆனால் அதே நிருபத்தில், அதே இடத்தில், ஒரு வசனம் இருக்கிறது. இயேசு மரித்தபின் "காவலிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்தார்" என்கிறார் பேதுரு. யார் அந்த ஆவிகள்? நோவா பேழையைக் கட்டிய நாட்களில் கீழ்ப்படியாமல் போனவர்கள் என்று அடுத்த வரி சொல்கிறது. உலகத்தில் எத்தனையோ தலைமுறை இருக்க, பேர் சொல்லிக் குறிப்பிடப்படுவது அவர்கள்தான். இதற்குப் பொருள் சொல்வதில் பெரியவர்கள் ஒத்துப்போகவில்லை. பழைய காலத்துச் சபைப் பிதாவான அகஸ்டின், கிறிஸ்து நோவாவின் வாய் வழியாக அந்தக் காலத்திலேயே பேசியதைத்தான் இது சொல்கிறது என்றார். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், பேதுரு என்ன சொல்கிறார் என்று தனக்கு உறுதியாகத் தெரியவில்லை என்றே எழுதினார். கீழைத் திருச்சபைகளோ (கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் போன்றவை) கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினதை உயிர்த்தெழுதலின் படமாகவே வரைகின்றன: உடைந்த கதவுகள் அவர் காலடியில் கிடக்கும், ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பார். கையைப் பிடித்து அல்ல, மணிக்கட்டை. அவர்களிடம் பிடித்துக்கொள்ளப் பலம் இல்லை என்பது போல.

நான் கீழைத் திருச்சபையைச் சேர்ந்தவள் இல்லை. ஆனாலும் இந்த வசனத்தில் என் மனம் அவர்கள் பக்கம்தான் சாய்கிறது.

அடுத்த ஞாயிறு அந்தப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து 1 பேதுரு 3ஆம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டி 19, 20 இரண்டு வசனத்தையும் வாசித்தான். திரும்பவும் ஒருமுறை வாசித்தான்.

"அப்ப வெளிய நின்னவங்ககிட்ட இயேசு போனாராக்கா?"

"போனாருன்னு பேதுரு எழுதியிருக்காரு" என்றேன்.

"கதவத் தட்டுனாரா?"