கரையோரமாகச் சுற்றி வர எண்ணுவோருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் பதினான்கு வயது மகன் முதல் அறுபதைத் தாண்டிய பெரியம்மா வரை ஆறு பேர். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருகோணமலையின் உப்புவெளியிலிருந்து கரையோரமாகவே வடக்கே நடந்து, சாம்பல்தீவுப் பக்கம் போய், நிலாவெளி வீதியால் திரும்பி வர எண்ணியிருக்கிறோம். முழுச் சுற்றும் 12 கிலோமீற்றர் அளவில் வரும் என்றும் மூன்று மணித்தியாலத்தில் முடித்துவிடலாம் என்றும் மகன் கைத்தொலைபேசியைப் பார்த்துக் கணக்குச் சொல்கிறான். வெளிநாட்டுக் கட்டுரைகள் எல்லாம் கடல் வற்றும் நேரம் பார்த்துப் புறப்படச் சொல்கின்றன. அது எங்களுக்கும் பொருந்துமா?
– ஒரு வாசகி, உவர்மலை

பதில்: அந்தக் கட்டுரைகள் அந்தந்தக் கடலுக்குச் சரியாகவே எழுதப்பட்டவை. கனடாவின் ஃபண்டி குடாவில் கடல்மட்டம் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் 16 மீற்றர் வரை ஏறி இறங்குகிறது. அங்கே நேரம் தவறியவர்கள் பாறைச் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்வார்கள். நமது திருகோணமலைக் கரையில் அந்த வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. உங்கள் நாளைத் தீர்மானிக்கப்போகிறவை வெயில், குடிதண்ணீர், களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம் ஆகிய மூன்றுமே.

முதலில் மகனின் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். மணிக்கு 4 கிலோமீற்றர் என்பது தார் வீதிக்குப் பொருந்தும். கால் புதையும் மணலிலும், கையூன்றி ஏறி இறங்கவேண்டிய பாறைகளிலும், பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு போகும்போது மணிக்கு 2 கிலோமீற்றர் போனாலே நன்று. பாதித் தூரம் கரை என்று வைத்தால் அதற்கே மூன்று மணித்தியாலம் வேண்டும். வீதி நடையையும் ஆறுதலாக அமர்ந்து உண்ணும் நேரத்தையும் சேர்த்தால் ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாது. நடை வேகத்தைப் பெரியம்மாவே தீர்மானிக்கட்டும். அவரை முன்னால் விட்டு மற்றவர்கள் பின்னால் வாருங்கள். அலை நனைத்துப் போன ஈரமணல் இறுகிக் கிடக்கும் என்பதால், அதன்மேல் நடப்பது முழங்காலுக்கு நல்லது.

கரையை முதலிலும் வீதியைப் பின்னரும் வைத்திருப்பது மிகச் சரியான ஒழுங்கு, அதை மாற்றவே வேண்டாம். கரடுமுரடான பகுதியை உடலில் தெம்பும் காற்றில் குளிர்ச்சியும் உள்ளபோது கடந்துவிடுவீர்கள். களைப்பு வரும் வேளையில் பஸ்ஸும் ஓட்டோவும் கடையும் உள்ள வீதியில் இருப்பீர்கள். கிழக்கு வெளுக்கும்போதே உப்புவெளியில் மணலில் கால் வையுங்கள். ஒன்பது மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து கரையை விட்டு வீதிக்கு ஏறிவிட வேண்டும் என்று முதல்நாள் இரவே வீட்டில் எல்லோருமாக முடிவெடுங்கள். இன்னும் கொஞ்சம் போகலாமே என்ற எண்ணம் வெயில் ஏறியபின் எவருக்கும் வரும். முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டிருந்தால்தான் அதை மீறாமல் இருப்பீர்கள். கரையிலிருந்து வீதிக்கு ஏறக்கூடிய ஒழுங்கைகளை மகனிடம் தேடிக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அவனுடைய கைத்தொலைபேசி தூரத்தை அளப்பதைவிட இதற்கே கூடுதலாகப் பயன்படும்.

ஆடியில் வீசும் கச்சான் எனும் தென்மேற்குக் காற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத் தண்ணீர் குளம்போல அடங்கித் தெரியும். ஆனால் பந்தோ காற்றடைத்த மிதவையோ கையை விட்டுப் போனால் அதை வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். அதைத் துரத்தி நீந்த எவரையும் விடாதீர்கள். அதே காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், உடல் எவ்வளவு தண்ணீரை இழக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும்படி, ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். ஒரு போத்தலில் தேசிக்காய்ச் சாறும் உப்பும் சிறிது சீனியும் கலந்துகொள்ளலாம். பெரியம்மாவுக்கு நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால் அதை வைத்தியரிடம் கேட்டபின் கொடுங்கள். எவராவது தலைவலி, தலைச்சுற்று என்றால் அந்த இடத்திலேயே நடையை நிறுத்தி, நிழலில் இருத்தி, உடலை நனையுங்கள். பேச்சுத் தடுமாறினால் 1990 இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம்.

முகத்துவாரத்தில் வறட்சிக் காலத்தில் மணல் மேடிட்டு வாயை அடைத்துவிடுவது வழக்கம். அடைபட்டிருந்தால் நடந்து கடக்கலாம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், முழங்கால் அளவுதான் என்று தோன்றினாலும் இறங்காதீர்கள். ஓட்டம் அடிமணலை அரித்து, ஓரடி தள்ளியே பள்ளமாக்கியிருக்கும். வீதிக்கு ஏறிப் பாலத்தால் வருவதில் எந்தக் குறைவும் இல்லை. பாறைகளில் ஏறுமுன் பத்து நிமிடம் நின்று அலையைக் கவனியுங்கள், ஏனென்றால் பெரிய அலைகள் இடைவிட்டே வரும். பாசி படர்ந்து கறுத்தோ பச்சையாகவோ தெரியும் ஈரப்பாறையில் எந்தச் சப்பாத்தும் பிடிக்காது. படம் எடுப்பதற்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவும் வேண்டாம்.

ஆடி கரைவலைக் காலம். வலை இழுபடும் இடத்தில் கயிற்றைத் தாண்டாமல், இழுப்பவர்களுக்குப் பின்புறமாகச் சுற்றிப் போங்கள். இழுபடும் கயிறு திடீரென்று விறைத்து எழும்பும். அது அவர்களுடைய தொழிலிடம் என்ற மரியாதையும் வேண்டும். மீனவர் வாடியில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் “ஐயா, வாய் அடைபட்டிருக்கா?” என்று கேளுங்கள். அன்றைய நிலையை அவரைவிட நன்றாக எந்த வரைபடமும் சொல்லாது.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் நால்வர். மார்கழி விடுமுறையில் டச்சுக் குடாவிலிருந்து கோணேசர் கோவில் நிற்கும் சுவாமிமலையின் அடிவாரத்தைக் கடலோரமாகச் சுற்றி மறுபக்கம் போகலாமா?
– ஒரு மாணவர், திருகோணமலை

பதில்: வேண்டாம், தம்பி. இராவணன் வெட்டு என்னும் பிளவு இருக்கும் அந்தப் பாறை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அடியில் நடக்க இடமில்லை. பிரெட்றிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால், கோணேசர் கோவிலுக்குப் போகும் வீதியை விட்டு விலகவும் முடியாது. மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று கடலை நேரே நம் கரைமேல் தள்ளும். 1964ஆம் ஆண்டுப் புயலும் அந்த மாதத்திலேயே வந்தது. கோவில் வரை வீதியால் ஏறி மேலிருந்து கடலைப் பாருங்கள். கரையோர நடையைச் சித்திரைக்குப் பிறகு, கடல் அடங்கியபின் உப்புவெளிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.