ரூன் எழுத்துகள்: 24 ஏன் 16 ஆனது?

கேள்வி: ‘ஃபுதார்க்’, ‘ஃபுதோர்க்’ என இரண்டு பெயர்கள் கண்ணில் படுகின்றன. அச்சுப்பிழையா?

பதில்: இல்லை. ரூன் என்பது வட ஐரோப்பாவின் பழைய எழுத்து முறை. அதன் வரிசையில் முதல் ஆறு எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் வருவதுதான் பெயர். இங்கிலாந்தில் நான்காம் எழுத்து ‘ஓ’ ஒலிக்கு மாறியதால் ஃபுதோர்க். அங்கே புதிய உயிரொலிகளுக்காகப் புதிய எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டார்கள். தேம்ஸ் ஆற்றில் கிடைத்த ஒரு கத்தியில் 28 எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன.

கேள்வி: வைக்கிங்குகள் 24 எழுத்து வரிசையில்தானே எழுதினார்கள்? பச்சை குத்திக்கொள்ள நினைக்கிறேன்.

பதில்: ஊசி போடுமுன் கேட்டீர்களே, நல்லது! 24 எழுத்துகள் கொண்டது மூத்த ஃபுதார்க். டென்மார்க்கின் விமோசாவில் கிடைத்த சீப்பில் (சுமார் கி.பி. 160) அதன் எழுத்துகள் சிலவற்றைக் காணலாம். வைக்கிங் காலத்து வரிசை இளைய ஃபுதார்க்; அதில் 16 எழுத்துகளே.

கேள்வி: அந்தக் காலத்தில் ஸ்காண்டிநேவிய மொழியில் உயிரொலிகள் பெருகின என்கிறார்கள். எழுத்துகள் மட்டும் ஏன் குறைந்தன?

பதில்: இந்தத் துறையின் சுவையான புதிரே இதுதான். ஒவ்வொரு ரூனுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயரின் முதலொலியே எழுத்தின் ஒலி. பேச்சு மாறியபோது பெயர்களும் மாறின. ‘யாரா’ என்பது ‘ஆர்’ ஆனதும், அந்த எழுத்து ‘அ’வுக்குப் போய்விட்டது. இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள், எனக்கும் ஏற்புடையதே. ஆனால் வல்லின எழுத்துகள் சுருங்கியதற்கு இது மட்டும் போதாது. நம் ‘க’ போல ஒரே எழுத்து இரண்டு ஒலிகளைச் சுமந்தது. நமக்காவது எங்கே எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அவர்கள் இடம்பார்த்து ஊகிக்க வேண்டும். ஹரால்ட் நீலப்பல் மன்னர் சுமார் 965இல் நிறுத்திய யெல்லிங் கல்லில் டென்மார்க்கின் பெயர் ‘t’ ரூனில்தான் தொடங்குகிறது, ‘d’ ஒலிக்குத் தனி எழுத்து இல்லாததால்.

கேள்வி: நீள்கிளை, குறுங்கிளை என்பவை தனி வரிசைகளா?

பதில்: அதே 16தான், கோடுகளின் நீளம் வேறு. சுவீடனின் ரோக் கல் பெரும்பாலும் குறுங்கிளை.

கேள்வி: 18 எழுத்து வரிசை ஒன்றையும் பார்த்தேனே?

பதில்: அது 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வியன்னாவின் கீடோ ஃபோன் லிஸ்ட் உருவாக்கியது. பழங்காலக் கல்வெட்டு எதிலும் அந்த வரிசை கிடையாது.

கேள்வி: 16 போதாது என்று யாருக்கும் தோன்றவில்லையா?

பதில்: தோன்றியது. ‘க்’ ரூனில் ஒரு புள்ளி வைத்து அதன் மெல்லோசையை (‘g’) காட்டினார்கள். இடைக்காலத்தில் புள்ளி ரூன்கள் பெருகின. சுமார் 1300இல் ஸ்கோனே (இன்றைய தெற்கு சுவீடன்) நாட்டுச் சட்டத்தைத் தோல் ஏட்டில் முழுக்க ரூன்களிலேயே எழுதிவைத்தார்கள்.