வாசகர் கேள்வி: வானிலிருந்து மரம் எண்ணலாமா?

கேள்வி: கஜா புயலில் எங்கள் தென்னந்தோப்பு மொத்தமாகச் சாய்ந்தது 2018 நவம்பரில். உலக மரப் பரப்பு வரைபடத்தில் அதே இடம் 'இழப்பு 2019' என்று இருக்கிறது. மறுபடி கன்று வைத்து வளர்த்தும் இளஞ்சிவப்பு நிறம் மாறவே இல்லை. தப்பா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தப்பில்லை, அந்தப் படம் பார்க்கும் விதமே அப்படி. நீங்கள் பார்த்தது மேரிலாந்து பல்கலைக்கழகம் 2013-இல் வெளியிட்டு, ஆண்டுதோறும் நீட்டிவரும் வரைபடம். அதற்குப் படம் எடுத்துத் தரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஒன்று ஓர் இடத்துக்குத் திரும்பி வர 16 நாள் ஆகும். கஜா கரையைக் கடந்தது நவம்பர் 16. அது வடகிழக்குப் பருவமழைக் காலம். வரும் நாளெல்லாம் மேகம் மூடியிருந்தால் தெளிவான முதல் படம் ஜனவரியில்தான் கிடைக்கும். இழப்பு அந்தப் புது ஆண்டின் கணக்கில் ஏறிவிடும். ஆண்டுக் கடைசியில் நடந்த எதற்கும் ஓராண்டு முன்பின் விட்டுப் படியுங்கள்.

நிறம் மாறாததற்குக் காரணம் வேறு. இழப்பைக் காட்டும் அடுக்கில் ஒரு பிக்சலுக்கு (படத்தின் மிகச் சிறிய சதுரம்) ஒரே ஓர் ஆண்டைத்தான் எழுத முடியும். எழுதியபின் அழிப்பதில்லை. புதிதாக வளர்ந்ததைக் காட்டும் அடுக்கு தனி. ஆகவே இளஞ்சிவப்பு என்றால் 'அந்த ஆண்டில் மரம் போனது' என்று மட்டும் பொருள். 'இப்போது வெட்டவெளி' என்று பொருளில்லை. சவுக்கு, தைலமரம் வெட்டிய நிலமும் இப்படித்தான் தெரியும். அதைக் 'காடழிப்பு' என்று செய்தி போடுவது அவசரம்.

இன்னொன்று: 25 அடி இடைவெளித் தோப்பில் ஒரு பிக்சலுக்குள் அடங்குவது பதின்மூன்று, பதினான்கு தென்னைதான். அதில் மூன்று நான்கு சாய்ந்தால் படத்துக்குத் தெரியாது. விதானம், அதாவது மர உச்சிகள் சேர்ந்த கூரை, மொத்தமாகப் போனால்தான் இழப்பு. அடர்காட்டுக்குள் ஆங்காங்கே மரம் திருடுவது தப்பிவிடுவதும் இதனால்தான்.

கேள்வி: எங்கள் வட்டத்தின் இழப்பைக் கணக்கிட்டேன். 'ஒரு பிக்சல் 900 சதுர மீட்டர்' என்று பெருக்கினால் விடை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வருகிறது.
– மாணவி, திருச்சி

பதில்: '30 மீட்டர் பிக்சல்' என்பது வாய்வழக்கு. கோப்பில் இருப்பது 0.00025 பாகை. உங்கள் பக்கத்தில் அது தெற்கு வடக்காக 27.7 மீட்டர், கிழக்கு மேற்காக 27.4 மீட்டர், பரப்பு ஏறக்குறைய 757 சதுர மீட்டர். 1,000 பிக்சலுக்கு 75.7 ஹெக்டேர் வரவேண்டிய இடத்தில் நீங்கள் 90 போட்டிருப்பீர்கள். 60 பாகை வடக்கில் இதே பிக்சல் கிட்டத்தட்ட பாதியாகச் சுருங்கும். நாடுகளை ஒப்பிடும்போது பலர் சறுக்குவது இங்கேதான்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செய்வதானால், வரைபடம் 'ஓடு' (டைல்) என்னும் துண்டுகளாகக் கிடைக்கும்; முதலில் உங்கள் இடத்துக்குரிய ஓடு எதுவோ அதை எடுங்கள். ஓடு ஒவ்வொன்றும் 10 பாகைச் சதுரம். பெயர் அதன் வடமேற்கு மூலையைக் குறிக்கும். திருச்சிக்கு '20 வடக்கு, 70 கிழக்கு'. மதுரை 10 பாகைக்குச் சற்றுத் தெற்கே என்பதால் '10 வடக்கு, 70 கிழக்கு'. சென்னை 80-ஐத் தாண்டிவிடுவதால் அதற்கு மூன்றாவது ஓடு! பிறகு வட்ட எல்லையால் வெட்டி, மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு ஆயமுறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது புதுப் பிக்சலுக்கு எண் தரும் மறுமாதிரி முறையாக 'நியரஸ்ட் நெய்பர்' (அருகிலுள்ள பிக்சலின் எண்ணை அப்படியே எடுப்பது) மட்டுமே. இதில் கை தவறினால் மொத்தமும் வீண்: பிக்சலில் உள்ள எண் ஆண்டுக் குறியீடு, 4 என்றால் 2004, 18 என்றால் 2018. 'பைலீனியர்' வைத்தால் இரண்டுக்கும் சராசரி எடுத்து, நடக்கவே நடக்காத 2011 இழப்பைப் படைத்துத் தரும். கடைசியில் 'யூனிக் வேல்யூஸ் ரிப்போர்ட்' ஓட்டினால் ஆண்டுவாரியாகப் பரப்பு வந்துவிடும்.

2000-ஆம் ஆண்டின் விதான அடர்த்தி அடுக்கையும் சேர்த்து, 30 விழுக்காட்டுக்கு மேல் மரம் இருந்த பிக்சலை மட்டும் எண்ணுவது வழக்கம். எந்த வரம்பு வைத்தீர்கள் என்பதை எழுதாமல் எண்ணை மட்டும் தந்தால் யாராலும் சரிபார்க்க முடியாது.

கேள்வி: இந்த வரைபடம் இழப்பு என்கிறது, இந்திய அரசின் வன அறிக்கை காடு கூடியது என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்?
– வாசகர், கூடலூர்

பதில்: இருவரும் இல்லை. மேரிலாந்து படத்தில் 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த எந்தத் தாவரமும் மரம். டேராடூனின் இந்திய வன அளவீட்டு நிறுவனத்துக்கு 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 விழுக்காடு விதானம் இருந்தால் அது காடு. நிலம் யாருடையது, என்ன மரம் என்று கேட்பதில்லை. உங்கள் பக்கத்து எஸ்டேட்டில் தேயிலைச் செடி இடுப்பளவுதான், ஆனால் நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழலே விதானக் கணக்கில் வந்துவிடும். இயற்கைச் சோலை ஒரு பக்கம் குறைந்து, தோட்டம் இன்னொரு பக்கம் கூடினால் நிகர எண் கூடலாம். இழப்பு அடுக்கோ கூடியதைக் கழிப்பதே இல்லை. மொத்தத்தையும் நிகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சண்டைதான் வரும்.